பாறை இடுக்குச் செடிகள்: மத்தியதரைக் கடல் நாடுகளின் சீடம் வகைகள் பற்றிய கேள்வி பதில்

சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து: அண்ணை, சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மலை ஏறேக்க பாறை வெடிப்பெல்லாம் நீலப்பச்சையில தடிச்ச இலைச் செடி நிக்குது. என்ன இது?

பெரும்பாலும் சீடம் செடிஃபார்மே. (சீடம் என்பது தடித்த இலையில் நீரைச் சேமிக்கும் ஒரு செடிப் பேரினம், அதை அடுத்து வருவது வகையின் பெயர்.) சிசிலியின் சுண்ணாம்புப் பாறைகளில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சீடம் ரூபெஸ்ட்ரேயோடு குழம்பும். இரண்டிலும் இலை கூராகத்தான் முடியும். நிறத்தை நம்பாதீர்கள், வெயில் ஏறினால் அதுவும் மாறிவிடும். மொட்டைப் பாருங்கள். ரூபெஸ்ட்ரேயில் மொட்டுவிட்ட தண்டு தலைகவிழ்ந்து தொங்கும், பூக்கும்போதுதான் நிமிரும். பூவும் பளிச்சென்ற மஞ்சள். செடிஃபார்மே மொட்டிலேயே நிமிர்ந்து நிற்கும். பூ வெளிறிய மஞ்சளாகவோ பச்சை கலந்த வெள்ளையாகவோ இருக்கும். அடுத்த முறை ஜூன் கடைசியில் ஏறிப் பாருங்கள். புதிய நூல்களில் இரண்டையும் பெட்ரோசீடம் என்ற பேரினத்தில் போட்டிருப்பார்கள். பயந்துவிட வேண்டாம், செடி அதேதான்.

கிரீஸில் எடுத்த படம். இலையைக் கிள்ளியதும் பால் வந்தது. எந்தச் சீடம்?

சீடமே இல்லை. சீடம் குடும்பத்தில் பால் வராது. நீலப்பச்சை இலைகள் தண்டைச் சுற்றி நெருக்கமாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் யூஃபோர்பியா மிர்சினைட்டிஸ், நம்மூர்க் கள்ளியின் சொந்தம். பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கையைக் கழுவிவிடுங்கள். (வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறோமே ரணகள்ளி, அதுதான் உண்மையில் சீடத்துக்குப் பங்காளி.)

மஞ்சள் பூச் சீடத்தில் ஏக்ரே எது, செக்சாங்குலாரே எது? கடித்துப் பார்த்தால் தெரியுமாமே?

தெரியும். ஏக்ரே மிளகுபோலச் சுரீரென்று உறைக்கும், மற்றது உறைக்காது. ஆனால் கடிக்கச் சொல்ல மாட்டேன். முந்தைய கேள்விக்காரர் கிள்ளிய செடியை நினைத்துப் பாருங்கள். கண்ணாலேயே பிரிக்கலாம். ஏக்ரேயின் இலை அடி பருத்து நுனி குறுகி முட்டை வடிவில் இருக்கும். செக்சாங்குலாரேயின் இலை ஒல்லியான உருளை. பூக்காத தண்டுகளில் பெரும்பாலும் ஆறு வரிசையாகச் சுற்றி ஏறும்.

மால்டாவில் குட்டியாக நீலப் பூ. சீடத்தில் நீலம் உண்டா?

உண்டு, கொடுத்துவைத்தவர் நீங்கள்! சீடம் சீருலியம். மால்டா, சிசிலி, சார்டீனியா, கோர்சிகா, வட ஆப்பிரிக்காவில் வளரும் ஒருபருவச் செடி. சீடங்களில் வழக்கமாக ஐந்து இதழ், இதில் பெரும்பாலும் ஏழு. உங்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன், ஏழேதான். வசந்தம் முடிந்ததும் செடி காய்ந்துவிடும், விதைதான் மறு மழைக்குக் காத்திருக்கும்.

கிரீட் தீவில் நடைபாதையில் விரற்கடை உயரத்தில் சிவந்துபோன செடி. லென்ஸ் இருக்கிறது. எதைப் பார்க்க?

முதலில் இதழை எண்ணுங்கள். மூன்று என்றால் அது சீடம் இல்லை, கிராசுலா டில்லேயா என்ற வேறு செடி. ஐந்து என்றால் மகரந்தத் தாளை எண்ணுங்கள். சீடத்தில் பொதுவாக இதழைப்போல இரு மடங்கு, பத்து இருக்கும். ஐந்தே இருந்தால் சீடம் ரூபென்ஸ் அல்லது கேஸ்பிடோசம். பூப்பகுதியில் பிசுபிசுப்பான சுரப்பி மயிர் இருந்தால் ரூபென்ஸ். வழவழவென்று, காய்கள் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் கேஸ்பிடோசம்.

சுவரில் வட்ட இலை, நடுவில் குழி?

அம்பிலிகஸ், சீடத்தின் குடும்பத்திலேயே வேறொரு பேரினம். காம்பு இலையின் நடுவில் சேர்வதால்தான் குழி. பூ சிறு காம்போடு கீழ்நோக்கித் தொங்கினால் ருபெஸ்ட்ரிஸ். காம்பே தெரியாமல் பக்கவாட்டில் நீட்டினால் ஹோரிசான்டாலிஸ். கோடையில் இலை இருக்காது, தேடிப் பயனில்லை.

ஸ்பெயினில் கோடையில் பார்த்த சீடம் செத்துவிட்டதா? தண்டு நுனியில் காகிதம் சுற்றியதுபோல் இருக்கிறது.

சாகவில்லை, உறங்குகிறது. சீடம் ஆம்ப்லெக்ஸிகாலே. காய்ந்த இலையடிகள்தான் அந்தக் காகிதம், உள்ளே குருத்து பத்திரமாக இருக்கும். இலையுதிர்கால மழை விழுந்ததும் பச்சை வரும். பிடுங்காமல் விடுங்கள்.

கடற்கரை மணலில் முக்கோண இலை, பெரிய ஊதாப் பூ?

கார்போப்ரோட்டஸ். தென்னாப்பிரிக்கச் செடி, குடும்பமே வேறு. உள்ளூர்ச் செடிகளை மூடி அழுத்துவதால் பல இடங்களில் வேரோடு பிடுங்குகிறார்கள். பூ அழகுதான், தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.