கிளாட்சப் கோட்டை: நகல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோவில் வசிக்கிறோம். ஒன்பது வயது மகன், லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு தளபதிகள் 1804–06-இல் ஒரு படையோடு பசிபிக் கடல்வரை போய்வந்த பயணத்தைப் பள்ளியில் படித்துவிட்டு, அவர்கள் குளிர்காலத்தைக் கழித்த கிளாட்சப் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறான். அங்கே இருப்பது பிற்காலத்தில் கட்டிய நகல் என்கிறார்கள். அதற்காக அவ்வளவு தூரம் போகலாமா? ஊரிலிருந்து வரும் அம்மா ஆறு மாதம் எங்களோடு இருப்பார்கள், அவர்களுக்கு மூட்டுவலி. ஜூலை நல்லதா, டிசம்பர் விடுமுறை நல்லதா?

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் குடும்பத்துக்கு ஜூலைதான் சரி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் நகல் விஷயம்.

1805 டிசம்பரில் மரக்கட்டைகளால் அவசரமாகக் கட்டிய அந்தக் கோட்டை, ஓயாத மழையில் சில பத்தாண்டுகளிலேயே மக்கிப்போனது. அது நின்ற இடத்தைத் தொல்லியல் ஆய்வாளர்களால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் முதலில் குடியேறியவர்களின் நினைவை வைத்துத்தான் இடத்தைக் குறித்தார்கள். 150-ஆம் ஆண்டையொட்டி 1955-இல் உள்ளூர் மக்கள் ஒரு நகலைக் கட்டினார்கள். 200-ஆம் ஆண்டு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2005 அக்டோபரில், அது எரிந்துபோனது. இப்போது நிற்பது 2006 டிசம்பரில் திறந்தது.

அதற்காக மனம்போல கட்டிய செட் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லியம் கிளார்க் எல்க் மான் தோலால் அட்டை போட்ட தன் குறிப்பேட்டில் கோட்டையின் தரைப்படத்தை வரைந்து வைத்திருந்தார். 50 அடிக்கு 50 அடி, எதிரெதிரே இரண்டு வரிசை அறைகள், ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு, நடுவில் முற்றம். நகலுக்கு அடிப்படை அதுதான்.

இந்த அளவை மகனிடமும் அம்மாவிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் மனைதான். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் ஏமாற்றமாகிவிடும். இந்தச் சின்ன இடத்துக்குள்தான் 33 பேர் ஒரு குளிர்காலத்தை ஓட்டினார்கள். அவர்களில் உடன் வந்த ஷோஷோனி பழங்குடிப் பெண் சகாகவேயாவும், அங்கே போனபோது ஒரு வயது நிரம்பாத அவருடைய குழந்தையும் உண்டு. அந்தப் பகுதியில் இருந்த 106 நாட்களில் மழை இல்லாத நாட்கள் வெறும் 12. வேட்டையாடிய எல்க் இறைச்சி புகைபோட்டும் கெட்டுப்போனது. கிறிஸ்துமஸ் விருந்தே கெட்டுப்போகத் தொடங்கிய இறைச்சிதான். உடைகள் காயவில்லை, தெள்ளுப்பூச்சி தூங்கவிடவில்லை. படைவீரர்களின் அறையில் ஐந்து நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள். இதை எந்தப் புத்தகத்தாலும் தர முடியாது, நகலால் முடியும்.

அப்புறம் தளபதிகளின் அறை. எனக்கு அந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த இடம் அது. மெரிவெதர் லூயிஸ் செடிகள், விலங்குகள், அந்தப் பகுதியின் பழங்குடிகளான கிளாட்சப் மக்களின் படகுகள், தொப்பிகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியது அந்தக் குளிர்காலத்தில்தான். யூலகான் என்ற சிறு மீனைக் குறிப்பேட்டின் பக்கத்திலேயே அவர் வரைந்திருக்கிறார். கிளார்க் கடந்துவந்த நிலப்பரப்புக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். மீன் படத்தை மகனுக்கு வீட்டிலேயே காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். அந்த மேசையைப் பார்க்கும்போது அவனுக்கே புரியும்.

பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் விடுபடுவதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அது யாருமில்லாத காடு அல்ல, கிளாட்சப் மக்களின் ஊர். அவர்கள் கிழங்கும் மீனும் கொண்டுவந்து விற்றார்கள். பொழுது சாய்ந்ததும் அவர்களைக் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது தளபதிகளின் உத்தரவு. 1806 மார்ச்சில் கிளம்பும்போது கோட்டையைக் கோபவே என்ற கிளாட்சப் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதே மக்களின் படகு ஒன்றைத் திருடிக்கொண்டும் போனார்கள். அதற்கு ஈடாக, கிளார்க்கின் வழித்தோன்றல்கள் 2011-இல் கிளாட்சப் மக்களும் அடங்கிய சினூக் மக்களுக்கு ஒரு படகைக் கொடுத்தார்கள். கிளார்க்கின் அடிமையாக உடன் வந்த யார்க்கும் எல்லோரையும் போலவே உழைத்தார். பயணம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் இதெல்லாம் நன்றாகவே விளங்கும்.

சரி, ஏன் ஜூலை? கோடையில்தான் அந்தக்கால உடையணிந்த ரேஞ்சர்கள் (கோட்டை இருக்கும் தேசியப் பூங்காவின் ஊழியர்கள்) நாள்தோறும் துப்பாக்கியில் மருந்து கிட்டித்துச் சுடுவது போன்றவற்றைச் செய்துகாட்டுவார்கள். சிறுவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அம்மாவுக்கும் காய்ந்த தரையில் நடப்பது நல்லது. தகவல் மையத்திலிருந்து கோட்டைக்குப் பாதை குறுகியதுதான். ஆனால் மழைக்காலத்தில் ஈர மரமும் மண்ணும் வழுக்கும். டிசம்பரில் போனால் 25-ஆம் தேதி மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மணி நேரப் பயணம்தானே, பின்னொரு குளிர்காலத்தில் நீங்கள் மட்டும் மழையில் ஒருமுறை போய்வாருங்கள். அந்தக் கோட்டையின் உண்மையான பருவம் அதுதான்.

நேராகக் கோட்டைக்கு ஓடாமல் முதலில் தகவல் மையத்தில் திரையிடும் படத்தையும் காட்சிப்பொருட்களையும் பாருங்கள். மகனுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். பயிற்சிகளை முடித்தால் பேட்ஜ் தருவார்கள். அவனுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, 16 வயதிலிருந்துதான். கோட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஆறரை மைல் காட்டுப்பாதை உங்கள் பயணத்துக்கு ஒத்துவராது, விட்டுவிடுங்கள். ஆற்றோரமுள்ள நெட்டுல் லேண்டிங் வரை காரிலேயே போகலாம். அம்மா அங்கே ஆற்றைப் பார்த்தபடி இருக்கலாம். பார்க்குக்குள் உணவகம் கிடையாது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், உட்கார்ந்து சாப்பிட மேசைகள் உண்டு.

திரும்பும் வழியில் ஸீஸைடு என்ற கடற்கரை ஊரில் அந்தப் படையினர் உப்புக் காய்ச்சிய இடத்தைத் தவறவிடாதீர்கள். குடியிருப்புத் தெரு ஒன்றின் நடுவே ஒரு சின்னக் கல் அடுப்பின் நகல், அவ்வளவுதான். ஆனால் கோட்டையில் பார்த்தது அங்கேதான் முழுமையாகும். சில வீரர்கள் சுமார் இரண்டு மாதம் கடல்நீரை இரவும் பகலும் காய்ச்சி, ஏறக்குறைய 28 காலன் உப்பு எடுத்தார்கள். லூயிஸ் உப்புக்கு ஏங்கினார். கிளார்க்குக்கு உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஸீஸைடுக்குச் சற்றுத் தெற்கே தொடங்கும் 26-ஆம் நெடுஞ்சாலை உங்களை ஹில்ஸ்பரோ பக்கம் கொண்டுவந்து விடும். கோடை ஞாயிறு மாலைகளில் கடற்கரையிலிருந்து திரும்பும் கூட்டத்தால் அந்தச் சாலை அடைத்துக்கொள்ளும், அதனால் சனிக்கிழமையே போய்வாருங்கள்.