அரிசியை விட்டும் சர்க்கரை குறையவில்லையே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 58. ஓராண்டாக அவருக்கு அரிசிச் சோறே போடுவதில்லை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி. மதியமும் இரவும் நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும். ஆனாலும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2-லேயே நிற்கிறது. இன்னும் எதைத்தான் நிறுத்துவது?
– வாசகி, தென்காசி

பதில்: புதிதாக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. தாங்கள் எழுதியிருக்கும் பட்டியலிலேயே விடை இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே எடையுள்ள கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65 முதல் 72 கிராம் வரை உண்டு. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால், நான்கு சப்பாத்தி சாப்பிடுகிறவருக்கும் 100 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுகிறவருக்கும் சேர்கிற மாவுச்சத்து கிட்டத்தட்ட ஒன்றே. கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது மெய்தான். அந்தச் சிறு ஆதாயத்தையும் உருளைக்கிழங்குக் குருமா கொண்டுபோய்விடுகிறது.

கேழ்வரகை நான் குறை சொல்லவில்லை. சுண்ணாம்புச் சத்தில் அதற்கு ஈடான தானியம் நம் சமையலறையில் வேறில்லை. ஆனால் நைசாக அரைத்த மாவை நெடுநேரம் கொதிக்கவிட்டுக் கஞ்சியாகக் குடிக்கும்போது, மெல்லுகிற வேலையே இல்லாமல் போவதோடு செரிமானமும் எளிதாகிவிடுவதால், சர்க்கரை விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. அதே மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்து அடையாகத் தட்டி, இரண்டோடு நிறுத்தி, ஓர் அவித்த முட்டையையோ ஒரு கிண்ணம் பாசிப்பயற்றுச் சுண்டலையோ உடன் வையுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நீரிழிவு குறித்து நடத்தும் 'இண்டியாப்' ஆய்வின் உணவு குறித்த பகுதி 2025-இல் வெளியானது. நம் நாட்டவர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தீட்டிய தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிக்கொள்வதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது கூறுகிறது. சிறுதானியத்தின் பெயரில் சேமியாவும் பிஸ்கட்டும் விற்கப்படும் இக்காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, தட்டில் பாதியைக் கிழங்கு அல்லாத காய்க்கும் கீரைக்கும், கால் பங்கைப் பயறு, மீன், முட்டை, கோழி, பனீர் போன்ற புரத உணவுக்கும், மீதிக் கால் பங்கை மட்டும் சோற்றுக்கோ சப்பாத்திக்கோ ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கினால் அவருக்குப் பிடித்த சோற்றையே திரும்பக் கொடுக்கலாம். சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்; நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு பருப்பு விழுகிறது என்பது தங்களுக்கே தெரியும். மேலும், நம் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சோறு விழுகிற வழக்கம் அளவை நம்மையறியாமலே கூட்டிவிடுகிறது. ஒரு கிண்ணத்தில் அளந்து ஒரே முறை சோற்றைப் போட்டுவிட்டு, ரசத்தையும் மோரையும் தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180-க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. எந்தச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை அந்த எண்ணே காட்டிவிடும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறிவிட்டேன். இது நல்லதுதானே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். அவற்றில் உள்ள தாதுக்கள் ஒரு தம்ளர் காபிக்குப் போடும் அளவில் பெரிய பயன் தருவதில்லை. தேனும் பெரும்பாலும் சர்க்கரையே என்பதால், அதற்கும் இதே கணக்குத்தான்.

கேள்வி: குக்கரில் வைத்த சோறு சர்க்கரையைக் கூட்டும், கஞ்சி வடித்த சோறு கூட்டாது என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வடிக்கும்போது சிறிது மாவுச்சத்து கஞ்சியோடு போகிறது, கூடவே பி வைட்டமின்களும் போகின்றன. ஆனால் பானையில் எஞ்சுகிற சோறும் பெரும்பாலும் மாவுச்சத்தே என்பதால், வடித்த சோறுதானே என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் ஆதாயம் அங்கேயே தீர்ந்துவிடும். பாத்திரத்தைவிட அரிசியின் வகையைக் கவனியுங்கள். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசிச் சோறு பொதுவாக மெதுவாகவே சர்க்கரையை ஏற்றுகிறது; அதையும் குழைய விடாமல் இறக்குவது நல்லது.

கேள்வி: எனக்கு வயது 63. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறேன். ஏகாதசியன்று விரதம் இருந்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடோ, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது; ஆகையால் வெறும் வயிற்றில் அதை எடுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி நேர்ந்தால் விரதத்தை அந்தக் கணமே முடித்து, மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவுக்கு குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். மயக்கம் வந்துவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விரதம் வேண்டும் என்று தங்கள் மனம் உறுதியாக இருந்தால், சில நாள் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு, அன்றைக்கு எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தாலும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்த அனுபவம் இருந்தாலும் பட்டினி விரதம் வேண்டாம். பாலும் கொஞ்சம் பழமும் நேரத்துக்கு எடுத்துக்கொண்டு இருப்பதையும் பெரியவர்கள் விரதமாகவே ஏற்றிருக்கிறார்கள். விரதம் முடிக்கிற வேளையில் ஜவ்வரிசி உப்புமாவைத் தட்டு நிறைய வைத்துக்கொள்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஜவ்வரிசி அநேகமாக முழுதும் மாவுச்சத்து.