ஐயாயிரத்துக்குள் பழைய ஸ்கூட்டர்: பெயின்ட் வேண்டாம், டயரைப் பாருங்கள்

2012 மாடல் ஸ்கூட்டரை மலிவாக வாங்கிவிட்டீர்கள், கையில் ஐயாயிரம்தான் மீதம், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, முதலில் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், நண்பரே.

முதலில் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) தேயாமல் இருந்தாலும், இறுகிப்போன பழைய ரப்பர் மழையில் வழுக்கும். டயர் பழையதென்றால் பணத்தில் பாதி புது டயருக்கே போகட்டும். பிரேக் ஷூவையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு உடனே பேட்டரி வாங்காதீர்கள். கிக்கரை உதைத்ததும் எஞ்சின் எழுந்துவிட்டால் பேட்டரியைச் சோதிக்கலாம். உதைத்தும் எழாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனியில் கரி அப்பியிருந்தால் புது பிளக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் சுத்தம் என்ற வரிசையில் போங்கள். ஒன்று முக்கியம்: கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்ன பாகத்தின் துளையில் கம்பி விட்டுக் குத்த மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள். துளை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். நான் அப்படித்தான் ஒரு ஜெட்டை இழந்தேன்.

ஆர்.சி. புத்தகத்தையும் பாருங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 2027இல் புதுப்பிக்கும் செலவு காத்திருக்கிறது.