எந்தக் கம்ப்யூட்டர் என்று முதலில் கேளுங்கள்

ஐயா, போன வாரம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கேட்டதற்கு நின்றபடியே ஏதோ பதில் சொன்னேன். அதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"பொண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா? அறுபதாயிரத்துக்கு லேப்டாப் வேற கேக்குது. பக்கத்துத் தெருப் பையன் அதையே படிச்சிட்டு ரெண்டு வருஷமா சும்மா இருக்கானே" என்றீர்கள். லேப்டாப்பைக் கடைசியில் பார்ப்போம். முதலில் எந்தக் கம்ப்யூட்டர் என்று பேசுவோம்.

கம்ப்யூட்டர் என்றதும் உங்களுக்கு இ-சேவை மையத்து மேசைமேல் இருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு போகம் முடிவதற்குள் நீங்கள் எத்தனை கம்ப்யூட்டரைக் கடந்து வருகிறீர்கள் தெரியுமா? ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் படுக்கையில் இருந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓட விடுகிறீர்களே, கொட்டகையில் இருக்கும் அந்த சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டருக்குள் நகக்கண் அளவில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது. அழைப்பு வந்ததா, மூன்று பேஸும் சரியாக இருக்கிறதா என்று அதுதான் பார்க்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்பி அனுப்பும் மீட்டரும் அந்த ஜாதிதான். ஈரம் கூடினால் நெல்லின் மின் குணம் மாறும். அந்த மாற்றத்தை அளந்து சதவீதமாக்கிக் காட்டுகிறது. அதன்மேல் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான், ஆனாலும் அது ஒரு கம்ப்யூட்டர். ரைஸ் மில்லில் சார்ட்டெக்ஸ் என்கிறார்களே, அதை உங்கள் பாப்பாவுக்கு ஒருமுறை காட்டுங்கள். அரிசி சரிந்து விழும்போதே கேமரா பார்க்கிறது. கறுப்பு அரிசி தென்பட்டால், அது கீழே போவதற்குள் காற்றை ஊதி அந்த ஒரு மணியை மட்டும் வெளியே தள்ளுகிறது. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

இவற்றுக்கு எம்பெடட் சிஸ்டம் என்று பெயர். பெரும்பாலும் கீபோர்டு கிடையாது, ஒரே வேலைக்கென்று பிறந்தவை. உலகத்தில் எண்ணிக்கையில் அதிகம் இவைதான்.

இதற்கு நேர் மறுமுனையில் சூப்பர் கம்ப்யூட்டர். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறும் முன்பே நமக்குத் தெரிந்திருந்ததல்லவா? காற்று, கடல் சூடு, ஈரப்பதம் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டால்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்தக் கணக்குக்காகவே அந்த வருஷம் ஜனவரியில் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என்று இரண்டு இயந்திரங்களைத் தொடங்கி வைத்தார்கள். (புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாமல் போனைக்கூட சார்ஜ் போட முடியாமல் கிடந்தோமே, அது வேறு கதை.) அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தஞ்சாவூரில் இருந்து திருச்சி போகும்போது துவாக்குடியில் என்.ஐ.டி. வருகிறதே, அங்கே 2022-இல் பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் திறன். இந்தப் பக்கம் போக வேண்டுமானால் கணிதமும் இயற்பியலும் பிடித்திருக்க வேண்டும், எம்.எஸ்சி. வரைக்குமாவது பொறுமை வேண்டும். வானிலைக் கணக்கில் பெரும்பகுதி இன்றும் 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதுசுதான் சோறு போடும் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நடுவில் இருப்பது சர்வர். ஓட்டலில் பரிமாறுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இதுவும் அதே வேலைதான், கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கும். ரேஷன் கடையில் கைரேகை வைத்தாலும், பட்டா எடுத்தாலும், போனில் பணம் அனுப்பினாலும் கேள்வி அங்கேதான் போகிறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., பி.சி.ஏ. படித்தவர்களில் பெரும்பாலோர் இந்த சர்வருக்கும் போனுக்கும் புரோகிராம் எழுதப் போகிறார்கள். கூட்டமும் இங்கேதான். பக்கத்துத் தெருப் பையன் நின்று தவிப்பது இந்த வரிசையில்தான். மேட்டூரில் ஷட்டர் தூக்குகிறவரும் உங்கள் வயலில் மடை திறக்கிறவரும் ஒரே காவிரியைத்தான் கையாள்கிறார்கள், ஆனால் ஒருவர் வேலை மற்றவருக்கு வராது. இதுவும் அப்படித்தான்.

இப்போது பாப்பா விஷயம். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னீர்கள்: ஸ்டார்ட்டர் பெட்டி ரிப்பேரானபோது மெக்கானிக் வருவதற்குள் பாப்பாவே திறந்து, சிம் பக்கத்து ஒயர் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தது என்று. நீங்கள் அதைக் குறும்பு என்று சொன்னீர்கள். என் காதில் அது மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிதாக விழுந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு), இ.இ.இ. (எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ்), இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிகள்) மாதிரியான பாடங்களை முதலில் யோசிப்பேன். பின்னால் சாஃப்ட்வேருக்குப் போகவும் அதில் வழி உண்டு. கட்-ஆஃப் குறைந்துவிட்டால் பாலிடெக்னிக் டிப்ளமோவை மட்டமாக நினைக்காதீர்கள். முடித்தவுடன் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம்.

செலவை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பாப்பா ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதானே? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பள்ளியில் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

லேப்டாப்பை இப்போது வாங்க வேண்டாம். என் பையனுக்கு ரிசல்ட் வந்த வாரமே ஆசையாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மெல்லிசாக, பார்க்க அழகாக இருந்தது. அவன் சேர்ந்ததோ மெக்கானிக்கல். டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தாலே அது திணறியது. ராத்திரி எட்டு மணி வரை காலேஜ் லேபில் வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான டிசைன் வேலைக்கான கம்ப்யூட்டர், எப்போது காலியாகும் என்று காத்திருப்பான். எனவே பிரிவு முடிவான பிறகு வாங்குங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 16 ஜி.பி. ரேம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) போதும். விளையாட்டுக்கென்று விற்கும் கிராஃபிக்ஸ் கார்டு மாடலைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், தலையாட்டாதீர்கள். இ.சி.இ. என்றால் ஆரம்பத்துக்கு 8 ஜி.பி. ரேமே போதும். அதோடு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஆர்டுயினோ போர்டு (சிப்புக்குப் புரோகிராம் எழுதிப் பழகும் சின்னப் பலகை) வாங்கிக் கொடுங்கள், பாப்பா சோறு தண்ணி மறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வாருங்கள். முதல் அரைமணி நேரம் பாப்பாவிடம் மட்டும் பேசுகிறேன், நீங்கள் வெளியே காப்பி சாப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.