போர் விமானம் இல்லாத ஓவியம் போரை எதிர்ப்பது எப்படி?

குண்டு வீசியவர்களையோ விமானங்களையோ காட்டாத பிக்காசோவின் ‘கெர்னிக்கா’வை ஏன் போர் எதிர்ப்பு ஓவியம் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், காட்டாமல் விட்டதே அதன் எதிர்ப்பின் வலிமை.

1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி ஃபிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதி நகரமான கெர்னிக்காவைத் தகர்த்தன. அவ்வாண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் அரங்குக்கு ஓவியம் தீட்ட ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த பிக்காசோ, செய்தியறிந்ததும் இந்தப் பேரழிவையே பொருளாக எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 7.8 மீட்டர் அகலமுள்ள திரையைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களால் நிரப்பினார். இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய், குத்துண்டு அலறும் குதிரை, முறிந்த வாளுடன் வீழ்ந்தவன், தீயில் கைகளை உயர்த்தும் பெண் என அனைத்தும் அடிபட்டவர்களின் பக்கமே நிற்கின்றன. எதிரியின் முகம் இல்லாததால், பார்ப்பவரின் கோபம் ஒரு படையோடு நின்றுவிடாமல் போரின் மீதே திரும்புகிறது.

ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்த ‘மே 3, 1808’ ஓவியத்தில் சுடும் வீரர்கள் முகம் காட்டாமல் நிற்பதும் இதற்கு முன்னோடி எனலாம்.

2003 பிப்ரவரியில் ஈராக் மீதான போருக்கு ஆதரவு திரட்ட அமெரிக்கா ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசியபோது, அவைக்கு வெளியே தொங்கிய ‘கெர்னிக்கா’வின் நெசவுப் பிரதி நீலத் திரையால் மூடப்பட்டிருந்தது.