புள்ளி தானே ஓடும், கோடு நம் கையில்

கேள்வி: டர்பனில் பழைய சாமான் கடையில் ஒரு வைப்ரோபிளெக்ஸ் மோர்ஸ் சாவி (புள்ளியும் கோடுமாகச் செய்தி அடிக்கும் கருவி) வாங்கினேன். புள்ளிகள் கட்டுக்கடங்காமல் ஓடுகின்றன. ஒரே களிம்பு வேறு. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள், தம்பி! தொடுமுனைகளுக்கு நடுவே வெள்ளைத்தாள் துண்டொன்றை வைத்து, இலேசாக மூடி உருவினால் போதும். பெயர்த்தகட்டைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள வரிசை எண்ணை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள்; சாவியின் ஜாதகமே அதுதான்.

அமெரிக்கரான ஹொரேஸ் மார்ட்டின் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கட்டைவிரலால் தள்ளினால் அதிரும் தண்டு புள்ளிகளைத் தானே அடிக்கும். கோடுகளை ஒவ்வொன்றாக நாம்தான் அடிக்க வேண்டும். தண்டிலுள்ள எடையை நுனிப்பக்கம் நகர்த்துங்கள், வேகம் தணியும். அப்போதும் அடங்காவிட்டால் இன்னொரு எடையைச் சேர்த்துவிடுங்கள்.

புள்ளி, கோடு இரண்டையும் தானே அடிக்கும் மின்னணுச் சாவி வாங்கச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். அதில் எல்லோர் கையும் ஒன்றுபோலக் கேட்கும். நான் கோட்டைச் சற்று இழுத்து அடிப்பவன். அழைப்புக்குறி, அதாவது வானொலியில் என் அடையாள எழுத்துகளைச் சொல்லுமுன்பே, அடிப்பது நான்தான் என்று கேப் டவுன் நண்பர் கண்டுபிடித்துவிடுவார்.

ரேடியோவில் இணைக்கும்போது அதனுள்ளிருக்கும் கீயரை (புள்ளி, கோடுகளைத் தானே அடிக்கும் மின்னணு அமைப்பை) அணைத்துவிடுங்கள். ஒலிபரப்ப, தென்னாப்பிரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் உரிமம் வேண்டும். அதுவரை பயிற்சி ஒலிப்பானே துணை.