மகள் ஃபெடரல் நீதிபதி ஆக எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

வணக்கம் சார். பதினோராம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், நீதிபதி ஆக வேண்டும் என்று உறுதியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எந்த எக்ஸாம், எத்தனை வயதுக்குள் எழுத வேண்டும், நியூ ஜெர்சியில் கோச்சிங் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேர்வே கிடையாது சார். வயது வரம்பும் இல்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பார்த்தால், ஃபெடரல் நீதிபதிக்குச் சட்டப் படிப்பு வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்காது.

ஊரில் டி.என்.பி.எஸ்.சி. சிவில் நீதிபதி தேர்வுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படித்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த நினைப்பில் கேட்டது இயல்புதான். அங்கேயும்கூட நேராகக் கல்லூரியிலிருந்து நாற்காலிக்கு வரும் வழி அடைபட்டுவிட்டது. வழக்கறிஞராக மூன்றாண்டு அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. இங்கே எழுதப்படாத கணக்கு இன்னும் பெரியது. நீதிபதி வேட்பாளர்களை 1953 முதல் எடைபோட்டு வந்திருக்கும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டாவது தொழில் அனுபவம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபெடரல் விசாரணை நீதிபதிக்கு இங்கே 'டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்' என்று பெயர். நம் காதில் அது மாவட்ட நீதிபதி என்று விழும். ஆனால் இவரை நியமிப்பவர் ஜனாதிபதி, உறுதி செய்வது நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். பதவி ஆயுள் முழுவதும். கட்டாய ஓய்வு வயது கிடையாது, மாற்றல் கிடையாது. பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் குற்றச்சாட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். இருநூறு ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் பதினைந்து ஃபெடரல் நீதிபதிகள் மேல்தான் அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பதவி போனது எட்டுப் பேருக்கு.

நாடு முழுக்க 94 டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகள், சுமார் 670 நாற்காலிகள். நியூ ஜெர்சி முழுவதற்கும் சேர்த்து, நியூவர்க், ட்ரென்டன், கேம்டன் மூன்று ஊரிலும், 17. நாட்டில் வழக்கறிஞர்கள் மட்டும் சுமார் பதிமூன்று லட்சம் பேர். ஒரு நாற்காலி காலியாவதே பெரும்பாலும் ஒருவர் ஓய்வு பெற்றாலோ, இறந்தாலோ, மேல் கோர்ட்டுக்குப் போனாலோதான். அந்த நேரத்தில் வெள்ளை மாளிகையில் யார், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள் யார், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்பதெல்லாம் சேர்ந்து ஒத்துவர வேண்டும். பல செனட்டர்கள் ஒரு குழு வைத்து, ஆர்வமுள்ள வழக்கறிஞர்களிடம் விண்ணப்பம் வாங்கிச் சலித்து, சில பெயர்களை மேலே அனுப்புகிறார்கள். செனட் நீதிக் குழுவில் 'ப்ளூ ஸ்லிப்' என்று ஒரு பழைய மரபு உண்டு. சொந்த மாநில செனட்டர்கள் அந்த நீலச் சீட்டைச் சம்மதத்தோடு திருப்பித் தராவிட்டால் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் நியமனம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இதற்கு நடுவே எஃப்.பி.ஐ. வந்து பழைய வீட்டுக்காரர் வரைக்கும் விசாரிக்கும்.

அதனால் நான் பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான். இந்தப் பதவியை இலக்காக வைத்து வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. இந்தப் பதவிக்கு ஒருவரைத் தகுதியாக்கும் வாழ்க்கையைத் திட்டமிடலாம். நாற்காலி வராமலே போனாலும், ஐம்பது வயதில் திரும்பிப் பார்க்கும்போது 'வீணாகப் போச்சே' என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு படியையும் அந்தக் கேள்வியை வைத்தே எடை போடுங்கள்.

அந்தப் படிகளில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிய ரகசியம் இல்லை. நான்கு வருட இளங்கலை எந்தப் பாடத்திலும் இருக்கலாம். அப்புறம் லா ஸ்கூலில் சேர எழுதும் எல்சாட் தேர்வு, மூன்று வருட லா ஸ்கூல், வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு. நியூயார்க் தெற்கு டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு 2023இல் நீதிபதியாக வந்த அருண் சுப்பிரமணியன் இளங்கலையில் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸும் ஆங்கில இலக்கியமும், கிளீவ்லாண்டில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில். ஐவி லீக் என்ற பெரிய பெயர்ப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கும் பெற்றோருக்காகவே இதைச் சொல்கிறேன். லா ஸ்கூல் மட்டும் கொஞ்சம் கனமாகத்தான் பார்க்கப்படும். அவர் போனது கொலம்பியா. பெரிய தனியார் லா ஸ்கூல்களில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல் என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள். உதவித்தொகையோடு கிடைக்கும் ஒரு நல்ல ஸ்டேட் லா ஸ்கூல், இரண்டு லட்சம் டாலர் கடனோடு வரும் பெரிய பெயரை விடப் பல நேரம் புத்திசாலித்தனம். கடன் இருந்தால் சம்பளம் குறைந்த அரசு வேலைக்குப் போக மனசு வராது. நீதிபதியாகும் வழி பெரும்பாலும் அந்த வேலைகள் வழியாகத்தான் போகிறது.

படிப்பு முடிந்ததும் வருவது க்ளெர்க்ஷிப். இதைக் கேட்டால் வீட்டில் முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். "இவ்வளவு படித்துவிட்டு கோர்ட்டில் கிளார்க் வேலையா?" நம் ஊரில் வக்கீல் குமாஸ்தா என்றால் கட்டு தூக்கிக்கொண்டு வருபவர்தானே. இது வேறு. ஓரிரண்டு ஆண்டு ஒரு நீதிபதியின் அறையிலேயே உட்கார்ந்து, வழக்குக் காகிதங்களைப் படித்து, சட்டத்தைத் தேடி, தீர்ப்பின் முதல் வரைவை எழுதித் தரும் வேலை. இளம் வழக்கறிஞர்கள் இதற்கு முட்டி மோதுகிறார்கள். சுப்பிரமணியன் அப்படி மூன்று நீதிபதிகளிடம் இருந்தவர். மூன்றாமவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். உங்கள் மகளுக்கு இது கிடைத்தால், சம்பளத்தைப் பார்த்துத் தடுத்துவிடாதீர்கள். இந்த வேலை தனக்குப் பிடிக்குமா என்பதை அவள் பக்கத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

அதற்கப்புறம் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு வழக்கறிஞர் வாழ்க்கை. ஒரே பாதை என்று இல்லை. சோனியா சோட்டோமயோர் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தொடங்கி, 1992இல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ஆனார். கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் எதிர்ப்பக்கத்தில் நின்றவர், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசுப் பாதுகாப்பு வழக்கறிஞர். 2013இல் வாஷிங்டனில் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ். சுப்பிரமணியன் தனியார் நிறுவனத்தில் பெரிய சிவில் வழக்குகள் நடத்தியவர். சட்டப் படிப்பு முடித்து அவர் நீதிபதியாக 19 ஆண்டு ஆனது. மூவருக்கும் பொதுவானது கோர்ட் அனுபவம். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் ஒரு காட்சி நடந்தது. டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஒரு வழக்கறிஞரிடம், இதுவரை ஒரு விசாரணையாவது நடத்தியிருக்கிறீர்களா என்று ஒரு செனட்டர் கேட்டார். இல்லை. விசாரணைக்கு முன் சாட்சியத்தைத் தடுக்கப் போடும் ஒரு சாதாரண மனுவைப் பற்றிக் கேட்டார். பதில் வரவில்லை. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, சில நாளில் அவர் விலகிக்கொண்டார்.

குடியுரிமை விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் நான் கேட்டாக வேண்டும். மகள் இங்கே பிறந்தவளா, அல்லது உங்கள் விசாவில் வந்தவளா? சாசனம் நீதிபதிக்குக் குடியுரிமை கேட்கவில்லை. ஆனால் போகும் வழியில் உள்ள ஃபெடரல் அரசு வழக்கறிஞர் வேலை கேட்கிறது, ஃபெடரல் க்ளெர்க்ஷிப்பிலும் கட்டுப்பாடு உண்டு. வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைகளுக்கான எச்-4 விசாவில் இருந்தால், 21 வயதோடு அது முடிந்துவிடும் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் கல்லூரி ஆலோசகரைப் பார்க்கும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வருமானத்துக்கு வருவோம். 2025இல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜின் ஆண்டுச் சம்பளம் 2,47,400 டாலர். நல்ல தொகைதான். ஆனால் நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் முதல் வருட வழக்கறிஞரின் அடிப்படைச் சம்பளமே 2,25,000. அந்த நீதிபதியிடம் க்ளெர்க்காக இருந்துவிட்டுப் போகிற பிள்ளை, போனஸைச் சேர்த்தால் அவரைத் தாண்டிவிடும். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது பிற்காலப் பாதுகாப்பு. 65 வயதும் 15 ஆண்டு சேவையும் ஆகிவிட்டால் முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம், அல்லது 'சீனியர்' நிலைக்கு மாறி, குறைந்த வழக்குகளைப் பார்த்துக்கொண்டு நீதிபதியாகவே தொடரலாம்.

வேலை எப்படி இருக்கும் என்பதை மகளிடம் உள்ளபடி சொல்லுங்கள். சுத்தியலும் ஜூரியும் அதில் சின்னப் பகுதி. பெரும்பாலான சிவில் வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன, குற்ற வழக்குகள் குற்றத்தை ஒப்புக்கொள்வதில் முடிகின்றன. பெரும்பகுதி நேரம் மனுக்களைப் படித்து எழுதுவதிலேயே போகும். ஆறு மாதத்துக்கு மேல் தீர்க்காமல் வைத்த மனுக்களின் பட்டியல் நீதிபதியின் பெயரோடு ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது, அதுவும் ஒரு குடைச்சல். கணவர் பெயரில் ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பங்கு இருந்தாலும் அந்தக் கம்பெனியின் வழக்கை அவள் தொடக் கூடாது. ஆபத்தும் இருக்கிறது. 2020இல் நார்த் பிரன்ஸ்விக்கில் ஃபெடரல் நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டு வாசலில் அவருடைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகுதான் நீதிபதிகளின் முகவரியை மறைக்கும் சட்டம் அந்த மகனின் பெயரிலேயே வந்தது.

விண்ணப்பித்துப் போகும் வழியே இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் என்ற பதவியை அதே கோர்ட்டின் நீதிபதிகளே நிரப்புகிறார்கள். எட்டு ஆண்டுப் பதவி, வெளிப்படையான அறிவிப்பு, தேர்வுக் குழு எல்லாம் உண்டு. ஜாமீன், தேடுதல் வாரண்ட், சமரசப் பேச்சு என்று கோர்ட்டின் அன்றாடம் அவர்கள் கையில்தான். திவால் வழக்குகளுக்குத் தனி நீதிபதிகள், பதினான்கு ஆண்டுப் பதவி. நம் ஆட்கள் இவற்றை இரண்டாம்தரம் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். எனக்கு அது புரிவதில்லை.

இப்போதைக்கு ஒரு வேலை. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக நியூ ஜெர்சி பள்ளிகளுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை வரும். கோர்ட் அன்றைக்கு வழக்கம்போல நடக்கும். அவளை நியூவர்க் ஃபெடரல் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், காசு கிடையாது, அடையாள அட்டை போதும். ஃபெடரல் குற்ற வழக்கைக் கேமராவில் காட்ட மாட்டார்கள், நேரில் போனால்தான் உண்டு. தண்டனை அறிவிக்கும் அமர்வு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அதில் உட்காருங்கள். இருவரும் வாயைத் திறக்காமல் கடைசி வரை கேளுங்கள். திரும்பும் வழியில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். அவள் தானாக யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள்: நீதிபதியைப் பற்றியா, எழுந்து நின்று வாதாடிய வக்கீலைப் பற்றியா, பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு அம்மாவைப் பற்றியா. அதை எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அப்புறம் போடலாம்.